குடும்பத்தோடு காயலில் போக எந்தப் படகு வாங்கலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் விடுமுறை வரப்போகிறது. வளைகுடாவில் வேலை பார்க்கிற நம்ம ஊர்க்காரர்கள் லீவில் வந்து இறங்கும் சமயம். தேங்காய்ப்பட்டணம், புதுக்கடை, குளச்சல் என்று எந்தப் பக்கம் போனாலும் "பழைய போட் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளோடு காயலில் போகத்தான்" என்று கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஓடியது. கடைசியில் இரண்டு பழைய படகுகள் விலைக்கு வந்தன, அதில் ஒன்றை எடுத்தோம். எதை வைத்து முடிவு செய்தோம் என்பது மற்ற குடும்பங்களுக்கும் உதவும் என்று நினைப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள், லைஃப் ஜாக்கெட் பற்றி எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

எங்கள் வீடு, கொழுந்தன் வீடு, என் தம்பி வீடு என்று மூன்று குடும்பம் சேர்ந்து பணம் போட்டோம். தம்பி குளச்சல் பக்கம் அவுட்போர்டு என்ஜின், அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டுகிற என்ஜின், வேலை பார்க்கிறவன். அவன் கூட இருந்ததால்தான் விற்கிறவர் சொன்னதை அப்படியே நம்பாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க முடிந்தது.

முதல் படகு கேரளத்திலிருந்து வந்தது. 17 அடி நீளம், 7 அடி அகலம், பளபளவென்று வெள்ளை. முன்னால் திறந்த இடத்தில் மெத்தை இருக்கை, நடுவில் ஸ்டீயரிங், பின்னால் 90 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின். பாட்டு கேட்க ஸ்பீக்கர், இழுத்துக்கொண்டு போக ட்ரெய்லர் எல்லாம் உண்டு. விலை ஆறரை லட்சம் சொன்னார்கள். பிள்ளைகள் அதில் ஏறியவர்கள் இறங்க மாட்டேன் என்றார்கள். கொழுந்தன் என்னிடம், "மைனி, பிள்ளையளுக்கு இதுதான் பிடிச்சிருக்கு, குறையுற பைசாவ நான் போடுதேன்" என்றான்.

இரண்டாவது, நம்ம கடப்புறத்திலேயே ஓடிய ஃபைபர் வள்ளம். 21 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். மீன்பிடிக்கப் பயன்படுத்தியதை யாரோ வாங்கி, குறுக்குப் பலகைகள் போட்டு, இரும்புக் குழாயில் மேலே ஒரு கூரை அடித்து, அந்தக் கூரை மேலும் ஆள் உட்காரலாம் என்று ஏணி வைத்திருந்தார்கள். என்ஜின் பழைய மண்ணெண்ணெய் என்ஜின், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்களே, அது. பார்வைக்கு ஒன்றுமே இல்லை. பெயின்ட் உரிந்து கிடந்தது.

நாங்கள் எடுத்தது இரண்டாவதை. விலை குறைவு என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமில்லை. பழைய படகில் என்ஜினை மாற்றலாம், மெத்தை போடலாம், பெயின்ட் அடிக்கலாம். வள்ளத்தின் உடம்பை மாற்ற முடியாது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறபோது காப்பாற்றப்போவது அந்த உடம்புதான். அதனால் முதலில் உடம்பைப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அதற்கும் முன்னால் எந்தத் தண்ணீரில் ஓட்டப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். நம்ம மாவட்டத்தில் குடும்பத்தோடு போகத் தோதான தண்ணீர் அதிகம் இல்லை. குழித்துறை ஆறு கணபதியான்கடவு, மங்காடு பக்கம் அமைதியாக இருக்கும். தேங்காய்ப்பட்டணத்தில் அது கடலைச் சேரும் முன் கொஞ்சம் காயல் இருக்கிறது. கிழக்கே பழையாறு கடலில் விழும் மணக்குடிக் காயல். அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், நாம் ஏ.வி.எம். கால்வாய் என்று சொல்வது, 1860-இல் திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் பூவாறிலிருந்து கன்னியாகுமரி வரை படகு போகட்டும் என்று வெட்டத் தொடங்கியது. இன்று பல இடத்தில் தூர்ந்தும் ஆக்கிரமிப்பிலும் கிடக்கிறது, அது சரியாக இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். ஆக, நமக்குக் கிடைப்பது ஆழம் குறைந்த, வளைந்து போகிற, சில இடத்தில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிற தண்ணீர். இதில் 90 குதிரைத்திறன் என்ஜினை முழு வேகத்தில் ஓட்டுவதற்கு ஒரு நேரான நீட்டம் கிடைப்பதே அரிது. ஓட்டினாலும் அது எழுப்புகிற அலை கரையில் குளிக்கிறவர்களையும் சிறு வள்ளத்தில் வலை போடுகிறவர்களையும் போய் அடிக்கும். அவர்களுக்கு அந்த ஆறு பிழைப்பு, நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

ட்ரெய்லர் இருப்பது வசதி என்று விற்கிறவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நம்ம கடவுகளில் படிக்கட்டு இருக்கிறது, ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குகிற சரிவு எங்கே இருக்கிறது? வள்ளம் என்றால் கரையிலேயே கட்டிப்போடலாம், நாலு பேர் சேர்ந்து மணலில் ஏற்றிவிடலாம். இதைப் படகு வாங்கிய பிறகு யோசிக்கிறவர்கள்தான் அதிகம்.

கடலுக்குப் போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேகமான படகை வாங்குகிறவர்களின் மனசில் பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், தாண்டி ஒரு சுற்று சுற்றி வரலாம் என்ற ஆசை இருக்கிறது. வேண்டாம். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்தில் மணல் மேடாகி, அலை எழும்பி, வள்ளங்கள் கவிழ்ந்து, கடலிலேயே பிறந்து வளர்ந்த மீனவர்கள் உயிர் விட்டிருக்கிறார்கள். வற்றம் இழுக்கிற, அதாவது கடல் மட்டம் இறங்குகிற நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வெளியே பாய, எதிரே கடல் அலை வர, பொழிமுகத்தில் அலை செங்குத்தாக எழும்பும். வெளியே போகும்போது தெரியாது, திரும்பி வரும்போது பின்னாலிருந்து வருகிற அலை படகின் அமரத்தை, அதாவது பின்பக்கத்தை, தூக்கிப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அந்த வெள்ளைப் படகின் முன்பக்கம் திறந்த இருக்கை, தாழ்ந்த விளிம்பு. ஒரே ஒரு அலை உள்ளே விழுந்தால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் விழும்.

கள்ளக்கடல் வேறு இருக்கிறது. தெற்கே வெகு தூரத்தில் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து அடிக்கும். வானம் தெளிவாக இருக்கிறது என்று நம்ப முடியாது. 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனதை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர்கள் படகில் போனவர்கள்கூட இல்லை. ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. காயலில் மட்டும் ஓட்டுகிறவர்களும் பொழி திறந்திருக்கும் நாளில் அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

அப்புறம் எண்ணெய்க் கணக்கு. பெட்ரோல் அவுட்போர்டு என்ஜினை முழு வேகத்தில் ஓட்டினால் ஒவ்வொரு பத்து குதிரைத்திறனுக்கும் மணிக்குக் கிட்டத்தட்ட 3.8 லிட்டர் குடிக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. அப்படியானால் 90 குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் 34 லிட்டர், 9.9 குதிரைத்திறனுக்கு நாலு லிட்டருக்கும் குறைவு. லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது முதல் படகில் ஒரு மணி நேரம் வேகமாகப் போனால் மூவாயிரத்து நானூறு ரூபாய். மெதுவாக ஓட்டினால் குறையும், உண்மைதான். மெதுவாகத்தான் ஓட்டப்போகிறோம் என்றால் அவ்வளவு பெரிய என்ஜின் எதற்கு? செலவுக்குப் பயந்து கரையிலேயே மூடிவைக்கிற படகில் உப்பும் ஈரமும் சேர்ந்து என்ஜினைத் தின்றுவிடும்.

இனி உடம்பைப் பார்த்த விதம். எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குச் சிறு படகுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடியில் எடுத்துப் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். வெள்ளைப் படகுக்கும் ஏழு பேர்தான் வந்தது, வள்ளத்துக்கும் ஏழு பேர்தான் வந்தது. அதுவும் காற்றில்லாத அமைதியான நாளில், ஆளுக்கு 68 கிலோ என்று வைத்து. நாங்கள் பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஒன்பது பேர். ஆகவே எதை வாங்கினாலும் எல்லோரும் ஒரே நடையில் போக முடியாது என்று அப்போதே பேசி முடித்துக்கொண்டோம். "பிள்ளைகள்தானே, மடியில் உட்கார்ந்துகொள்ளும்" என்று எங்கள் மாமி சொன்னார்கள். மடியில் உட்கார்ந்தாலும் எடை எடைதான், படகு சாய்கிற நேரத்தில் மடியில் இருக்கிற பிள்ளையோடு யாராலும் எதையும் பிடிக்க முடியாது. மாமிக்கு அதைப் பொறுமையாகச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள்.

கணக்கு இரண்டுக்கும் ஒன்றாக வந்ததால் தண்ணீரில் இறக்கிப் பார்க்காமல் வழியில்லை. இதை எல்லோரும் செய்ய வேண்டும். ஆழம் இடுப்பளவு இருக்கிற இடத்தில் படகைக் கட்டிப்போட்டு, லைஃப் ஜாக்கெட் போட்ட பெரியவர்கள் மட்டும் ஏறி, மெதுவாக எல்லோரும் ஒரே பக்கத்துக்கு நகருங்கள். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கரையில் நிற்கிறவர் அளக்கட்டும். பிறகு எல்லோரும் பின்னால் போய் நில்லுங்கள். வெள்ளைப் படகில் பக்கவாட்டில் பயமில்லை, அகலம் நன்றாக இருந்தது. பின்னால்தான் சிக்கல். அந்த என்ஜின் ஏறக்குறைய 160 கிலோ. இரண்டு பெரிய ஆட்களுக்கு மேல் எப்போதும் அமரத்தில் நின்றுகொண்டே இருப்பதற்குச் சமம். மூன்று பேர் பின்னால் போனதும் என்ஜின் மாட்டியிருக்கிற பலகையின் வெட்டுக்கு அருகில் தண்ணீர் வந்துவிட்டது. போட்டோ எடுக்க, நீந்துகிற பிள்ளையைத் தூக்கிவிட, எல்லாவற்றுக்கும் ஆட்கள் பின்பக்கம்தான் வருவார்கள்.

வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது, ஆனால் ஓர் அளவுக்குமேல் சாயாமல் நின்றது. அணியம், அதாவது முன்பக்கம், உயரமாக இருந்ததால் முன்னால் பயமே இல்லை. இது கூரையைக் கழற்றிய பிறகு பார்த்தது. கூரையோடு பார்த்தபோது கதை வேறாக இருந்தது, சாய ஆரம்பித்தால் திரும்பி நிமிர வள்ளம் யோசித்தது. அந்தக் கூரையும் ஏணியும் கழற்றினால்தான் பேச்சு என்று விற்கிறவரிடம் சொல்லிவிட்டோம்.

இந்த இடத்தில் ஒருவர் நியாயமாகவே கேட்கலாம். 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்களே, அதுவும் மீன்பிடி படகை மாற்றிச் செய்த உல்லாசப் படகுதானே, அப்படியிருக்க நீங்கள் எப்படி மீன்பிடி வள்ளத்தை எடுத்தீர்கள் என்று. சரியான கேள்வி, எங்கள் வீட்டில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். மீன்பிடி வள்ளத்தில் பாரம் அடியில் இருக்கும், வலையும் மீனும் ஐஸும் அடித்தட்டில் கிடக்கும், ஆள் நாலைந்து பேர். அந்த உடம்பு அதற்காகச் செய்தது. அதன் மேல் தட்டு கட்டி, தட்டின் மேல் மனிதர்களை உட்காரவைத்தால் எடை முழுக்க மேலே போய்விடும். அதோடு அளவுக்கு மேல் ஆளை ஏற்றினால் கவிழத்தான் செய்யும். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் 45 பேர் இறந்ததும் தட்டு வைத்த படகுதான், ஆட்கள் ஒரு பக்கமாக நகர்ந்ததில் சாய்ந்தது என்று அப்போது செய்திகளில் படித்தோம். அதனால் மாற்றிச் செய்த மீன்பிடி வள்ளம் விலைக்கு வந்தால் மேலே என்ன ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கழற்ற விற்கிறவர் சம்மதிக்காவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள். நாங்கள் இருக்கைப் பலகைகளையும் ஓர் அடி கீழே இறக்கிப் போட்டோம். வெயிலுக்குத் துணிப்பந்தல் போதும், காற்று அடித்தால் சுருட்டிவிடலாம்.

பழைய ஃபைபர் படகில் முதலில் கெட்டுப்போவது என்ஜின் மாட்டுகிற பின்பலகை. வெளியே ஃபைபர் தெரியும், உள்ளே இருப்பது பெரும்பாலும் பிளைவுட். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே மரம் உளுத்துப்போயிருக்கும், வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். சுத்தியல் பிடியால் ஓரத்திலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும், உளுத்த இடத்தில் சத்தம் செத்திருக்கும். பிறகு என்ஜினைச் சாய்த்துத் தூக்கி வைத்து, அதன் கீழ்முனையைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பின்பலகை அசைந்தாலோ போல்ட்டைச் சுற்றி ஈரம் கசிந்தாலோ அந்தப் படகு வேண்டாம். வெள்ளைப் படகின் பின்பலகையில் இடது பக்கம் சத்தம் செத்துத்தான் இருந்தது. விற்கிறவர் "அது ஒண்ணுமில்ல, பெயின்ட் கனம்" என்றார். தம்பி என்னைப் பார்த்தான், நான் கொழுந்தனைப் பார்த்தேன். 160 கிலோ என்ஜின் தொங்குகிற பலகை அது.

வள்ளத்திலும் குறை இருந்தது. அடியில் மணலில் இழுத்து இழுத்து ஃபைபர் தேய்ந்து, இரண்டு இடத்தில் நார் தெரிந்தது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற குறை. உரசி, காயவைத்து, புதிதாக ஃபைபர் மேட் விரிப்பும் ரெசின் பசையும் போட்டு அடைக்கிற ஆட்கள் நம்ம கடற்கரை முழுக்க இருக்கிறார்கள். உள்ளே மிதவைக்கு ஃபோம் வைத்த அறைகளையும் திறந்து பார்த்தோம். ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால் அது மிதக்கவைக்காது, மாறாக எடைதான் ஏற்றும். ஒரு பக்கம் குடித்திருந்தது, அதை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். வள்ளம் தண்ணீர் நிறைந்தாலும் முழுகாமல் மிதக்க வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் கிடக்க வேண்டும், இந்த ஒன்றுக்காக எவ்வளவு செலவு செய்தாலும் தகும்.

என்ஜினைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள், வெளுத்துக் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது, சீல் போய்விட்டது. சிலிண்டர்களின் கம்ப்ரஷன் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. ஓடும்போது பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் சீராகப் பீச்ச வேண்டும், விட்டு விட்டு வந்தால் தண்ணீர் பம்ப்புக்குள் சுற்றுகிற இம்பெல்லரைப் பார்க்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே விற்கிறவர் என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள், குளிர்ந்த என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் தெரிய வேண்டும். வெள்ளைப் படகின் என்ஜின் இதில் எல்லாம் தேறியது, அதை மறைக்க விரும்பவில்லை. வள்ளத்தின் மண்ணெண்ணெய் என்ஜின் தேறவில்லை. அதைக் கழித்துவிட்டு வள்ளத்தை மட்டும் விலை பேசி, 9.9 குதிரைத்திறனில் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் புதிதாக வாங்கிப் போட்டோம். ஆயில் கலக்க வேண்டாம், புகை இல்லை, பேசினால் பேச்சு கேட்கும். வள்ளம், ஃபைபர் வேலை, ஃபோம், என்ஜின், துணிப்பந்தல், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்தும் வெள்ளைப் படகுக்குச் சொன்ன விலையில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் போனது.

என்ஜின் தண்டின் நீளத்தை மட்டும் மறக்காமல் பாருங்கள். குட்டைத் தண்டு 15 அங்குலம், நீளத் தண்டு 20 அங்குலம். பின்பலகையின் உயரத்துக்கு ஏற்றது வேண்டும். நீளம் கூடினால் நம்ம ஆழம் குறைந்த காயலில் மணலை உழும், குறைந்தால் ப்ரொப்பல்லர் காற்றைக் குடித்துச் சும்மா சுற்றும்.

வள்ளத்தில் கஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. மணிக்குப் பத்து, பதினோரு கிலோமீட்டருக்குமேல் போகாது. பெரிய பிள்ளைக்கு அது சலிப்பு. பலகை இருக்கை மாமியின் முதுகுக்கு ஒத்துவராமல் சாய்மானம் வைத்துக் கொடுத்தோம். மழை வந்தால் நனையத்தான் வேண்டும். கழிப்பறை இல்லை, பெண்களும் வயதானவர்களும் வருகிற பயணத்தில் இது சின்ன விஷயம் கிடையாது, அதனால் எங்கே இறங்கலாம் என்று பார்த்துவைத்துப் போகிறோம். ஆனால் மெதுவாகப் போவதால் கரையில் தென்னந்தோப்பும் நீர்க்காகமும் கொக்கும் பார்த்துக்கொண்டு போகலாம், சின்னவள் துடுப்பு போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். என்ஜின் நின்றால் துடுப்பு போட்டே கரை சேர முடிகிற படகு அது. வெள்ளைப் படகில் என்ஜின் நின்றால் யாரையாவது கூப்பிட வேண்டியதுதான்.

லைஃப் ஜாக்கெட்டுக்கு வருகிறேன். படகு விற்கிறவர்கள் "ஜாக்கெட் எல்லாம் கூடவே தருகிறோம்" என்று நாலைந்து பழைய ஆரஞ்சு ஜாக்கெட்டைத் தூக்கிப் போடுவார்கள். அவை பெரும்பாலும் பெரியவர்கள் அளவு, வெயிலில் காய்ந்து துணி கையோடு கிழியும். பிள்ளைக்குப் பெரியவர் ஜாக்கெட் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை அதிலிருந்து கீழே நழுவிவிடும். பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக, கால்களுக்கு இடையே போகிற பட்டை உள்ளதாகத் தனியாக வாங்குங்கள். போட்டுவிட்டு இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காது வரை ஏறினால் அது சரியான அளவில்லை. ஆழமில்லாத இடத்தில் ஒரு முறை இறக்கி மிதக்கவைத்துப் பார்த்தால் பிள்ளைக்கும் பயம் போகும். கரையிலிருந்து படகில் ஏறும்போதே போட வேண்டும், கரையில் இறங்கிய பிறகுதான் கழற்ற வேண்டும். வெக்கையாக இருக்கிறது, போட்டோவில் நன்றாக இல்லை என்று பெரியவர்கள் கழற்றினால் பிள்ளைகளும் கழற்றும். நீச்சல் தெரியும் என்பது காரணமே இல்லை, தலையில் அடிபட்டு விழுகிறவருக்கு எந்த நீச்சலும் வராது. என்ஜின் ஓட்டுகிறவர் கில் ஸ்விட்ச் கயிற்றைக் கையிலோ ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் என்ஜின் நிற்கும், இல்லையென்றால் ஆளில்லாத படகு விழுந்தவரையே சுற்றி வரும்.

மழைக் காலத்தில் இன்னொன்று. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் உபரி நீர் திறந்தால் குழித்துறை ஆறு வேறு ஆறாகிவிடும். மரக்கிளை, வாழைத்தார், எல்லாம் இழுத்துக்கொண்டு வரும். அணைத் தண்ணீர் திறப்புச் செய்தியை உங்கள் பத்திரிகையில் போடுகிறீர்கள், அதைப் பார்க்காமல் எந்தப் படகும் ஆற்றில் இறங்கக் கூடாது.

கடைசியாகத் தாள்கள். மீன்வளத் துறையில் பதிவான வள்ளம் மீன்பிடிக்கத்தான் பதிவானது. அந்த எண்ணோடு அப்படியே வாங்கி ஆட்களை ஏற்றிப் போகலாம் என்று விற்கிறவர் சொன்னால் நம்ப வேண்டாம். பழைய பதிவை முறைப்படி முடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆறு, காயல் போன்ற உள்நாட்டு நீர்வழிகளில் ஓடுகிற என்ஜின் படகுகளுக்குப் பரிசோதனைச் சான்று, பதிவு, காப்பீடு வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் சொல்கிறது. பழைய படகு வாங்குகிறவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டுப் போகிறவர்களை ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்புகிறது, எங்களையும் அப்படித்தான் அனுப்பினார்கள். சான்றும் பதிவும் கைக்கு வர மாதக்கணக்கில் ஆயின, அதுவரை வள்ளம் கரையில்தான் கிடந்தது. ஒழுங்காகச் செய்ய நினைக்கிறவர் அலைந்து சலித்து, "இங்கே யார் கேட்கப்போகிறார்கள்" என்று தண்ணீரில் இறக்கிவிடுகிற நிலை வரக் கூடாது.

மாவட்ட நிர்வாகமும் துறைமுக அலுவலகமும் மீன்வளத் துறையும் சேர்ந்து, விடுமுறைக் காலத்துக்கு முன்பாகத் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு நாள், மணக்குடியில் ஒரு நாள் முகாம் போடட்டும். தனியார் குடும்பப் படகுகளைக் கொண்டுவரச் சொல்லி, எத்தனை பேர் ஏறலாம் என்று அளந்து, அந்த எண்ணைப் படகின் பக்கத்தில் பெரிதாகத் தமிழில் எழுதிவிடட்டும். மேலே தட்டு கட்டிய மீன்பிடி வள்ளங்களை அங்கேயே தடுக்கட்டும். இரண்டு கடவுகளிலாவது படகு இறக்குகிற சரிவு கட்டித்தரலாம், அது மீட்புப் படகு இறக்கவும் உதவும். எந்தப் படகுக்கு எந்த அலுவலகம், என்னென்ன தாள், எவ்வளவு கட்டணம் என்பதை ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களிலும் பங்கு ஆலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் ஒட்டட்டும். உங்கள் நிருபர்கள் யாராவது அந்த அலுவலகங்களில் கேட்டு, அந்த ஒரு பக்கத்தை டிசம்பருக்கு முன்பு வெளியிட்டால் இங்கே பல வீடுகளில் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேங்காய்ப்பட்டணம்,
கன்னியாகுமரி மாவட்டம்.